மூடி போட்ட ஜாடியில் இறால் வாழுமா?

பெட்டிக்கடை மிட்டாய் ஜாடி ஒன்று. அடியில் இரண்டு விரற்கடை மண், அதன்மேல் மணல். கொஞ்சம் நீர்ப்பூண்டு, ஓரிரு நத்தைகள், விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய இறால்கள் நாலைந்து. மோட்டார் இல்லை, வடிகட்டி இல்லை, தீனியும் பெயருக்குத்தான். செடி விடும் ஆக்சிஜனை இறால் சுவாசிக்கிறது. இறாலின் கழிவை பாக்டீரியா பிரித்துப்போடுகிறது. பிரிந்ததைச் செடி எடுத்துக்கொள்கிறது. செடியிலும் கண்ணாடியிலும் படரும் பாசியை இறால் மேய்கிறது. இந்தச் சுற்று ஒருமுறை தொடங்கிவிட்டால் மனிதக் கை தேவையில்லை, ஜாடியை இறுக மூடியே வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. மேசை அலங்காரமாக விற்கும் கண்ணாடி உருண்டை தொடங்கி பள்ளி அறிவியல் கண்காட்சி வரை இதே வாக்குறுதிதான்.

இந்த வாக்குறுதியை எடைபோட்டுப் பார்க்கப் புதுச்சேரி தோதான ஊர். வெயில் கடுமை, குடிநீர் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருவது, தேங்கிய நீர் என்றாலே கொசு என்ற அச்சம் ஆகிய மூன்றும் ஜாடியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஜெர்மனியில் ஜன்னலோரம் நன்றாக இருக்கும் ஜாடி, இலாசுப்பேட்டையின் மொட்டைமாடி வீட்டில் மே மாதத்தைத் தாண்டுமா என்பதை அந்த அறிவுரை சொல்லாது. மூடிய கண்ணாடிக்குள் உயிர்ச்சுற்று உண்மையில் நடக்குமா, புதுச்சேரியின் வெப்பமும் நீரும் அதற்கு இடம் தருமா, எந்த இறாலை அங்கே வைப்பது நியாயம் என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் விடை தெளியும்.

இரண்டரை நூற்றாண்டுத் தேடல்

கண்ணாடிக்குள் உயிரை அடைத்துப் பார்க்கும் ஆர்வம் பழையது. 1771இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றில் ஒரு புதினாக் கொத்தை வைத்து, சில நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிவதைக் கண்டார். செடி காற்றைச் சீராக்குகிறது என்று அவருக்குப் புரிந்தது. 1779இல் யான் இங்கன்ஹவுஸ் அதற்கு ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்: வெளிச்சம் இருக்கும்போது மட்டுமே செடி அந்த வேலையைச் செய்கிறது, இருட்டில் அதுவும் விலங்குபோலக் காற்றைக் கெடுக்கிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் படித்த எவருக்கும் ஹைட்ரில்லாக் கொடியைப் புனலுக்குள் வைத்து, தலைகீழ்ச் சோதனைக் குழாயில் குமிழ்கள் ஏறுவதைப் பார்த்த பள்ளி ஆய்வு நினைவிருக்கும். ஜாடி இறாலின் பகல் வாழ்வு அந்தக் குமிழ்களில் இருக்கிறது. அதன் இரவுச் சிக்கலோ இங்கன்ஹவுஸின் நிபந்தனையில் இருக்கிறது.

நீர்வாழ் உயிரை முறையாகக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஆராய்ந்த முதல் சிலரில் ஒருவர் ழான் வில்பிரே-பவர் என்ற பிரெஞ்சுப் பெண். தையல் வேலையில் வாழ்வைத் தொடங்கி இத்தாலியின் மெசினாவில் குடியேறிய இவர், 1832இல் கண்ணாடித் தொட்டிகளை அமைத்து ஆர்கோனாட் என்னும் ஓட்டுக் கணவாயைக் கண்காணித்தார். அந்தக் கணவாய் தன் ஓட்டைத் தானே கட்டிக்கொள்கிறது, வேறொன்றிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை என்று நிறுவினார்.

ஆனால் தொட்டியின் நீரைத் திரும்பத் திரும்ப மாற்றாமல் வைத்திருப்பது எப்படி என்ற கேள்விக்கு லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன்தான் விடை தேடினார். 1850இல் அறிவித்த சோதனையில், சுமார் 54 லிட்டர் கொள்ளும் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். சில நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டதும் அவை அழுகலைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. செடி, விலங்கு ஆகிய இரண்டு மட்டும் போதாது, அழுகலை உண்ணும் மூன்றாவது கை வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. இன்றைய ஜாடியில் அந்த மூன்றாவது கையின் பணியை நத்தையும் இறாலும் பகிர்ந்துகொள்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத நான்காவது கை ஒன்றும் உண்டு. 1877இல் பாரிசில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் கழிவுநீரை மணல் வழியாக மெல்லச் செலுத்தி, அதிலுள்ள அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது நுண்ணுயிர்களின் வேலை என்று காட்டினார்கள். அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தவர் ரஷ்யரான செர்கேய் வினோகிராட்ஸ்கி. குளத்துச் சேற்றைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வெளிச்சத்தில் வைத்து, அடுக்கடுக்காக நிறம் மாறும் பாக்டீரியாக்களை வளர்த்த அவருடைய முறை இன்றும் கல்லூரிகளில் நடக்கிறது.

ஜாடியை முழுக்க அடைக்கும் சோதனைகள் விண்வெளிப் பயணக் கனவோடு வந்தன. 1960களின் பிற்பகுதியில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிளேர் ஃபோல்சோம், கடற்கரை மணலும் கடல்நீரும் நுண்ணுயிர்களும் கொண்ட குடுவைகளை இறுக மூடி வெளிச்சத்தில் வைத்தார். அவற்றில் சில பல பத்தாண்டுகள் உயிரோட்டத்தோடு இருந்தன. அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜோ ஹான்சன் அந்தக் குடுவைக்குள் ஹவாயின் சிறு சிவப்பு இறாலையும் சேர்த்தார். 1980களில் அது ‘ஈக்கோஸ்பியர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1986இல் வானியலாளர் கார்ல் சேகன் தன் மேசைக்கு வந்த இந்தக் கண்ணாடி உலகத்தைப் பற்றி ‘பரேட்’ இதழில் எழுதினார். கண்ணாடி இறால் உலகப் புகழ் பெற்றது அதன் பிறகுதான்.

புகழ் ஒரு வேறுபாட்டை மறைத்துவிட்டது. ஃபோல்சோமின் குடுவைகளில் பத்தாண்டுகளாக நிலைத்தவை நுண்ணுயிர்கள். அவை தலைமுறை தலைமுறையாகப் பிறந்தும் மடிந்தும் நிலைக்கின்றன. ஈக்கோஸ்பியரில் இருக்கும் இறால்கள் அங்கே இனம் பெருக்குவதில்லை. ஹவாயில் 20 ஆண்டுவரை வாழக்கூடிய இனம், அந்த உருண்டைக்குள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மறைகிறது. உணவு குறையும்போது இறால் ஒவ்வொரு முறை ஓடு கழற்றும்போதும் உடல் சிறுத்துப் போகக்கூடும். எனவே மூடிய உருண்டையில் நாம் பார்ப்பது மெதுவாக நடக்கும் பட்டினி என்று சொல்லும் இறால் வளர்ப்பாளர்கள் பலர். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெரிய அளவிலும் இதே பாடம்தான். 1991 செப்டம்பரில் அரிசோனா பாலைவனத்தில் சுமார் 1.27 ஹெக்டேர் பரப்பில் எழுந்த ‘பயோஸ்பியர் 2’ என்ற கண்ணாடிக் கூடத்தில் எட்டுப் பேர் அடைபட்டு வாழ்ந்தார்கள். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 16 மாதங்களில் ஏறத்தாழ 14.5 சதவீதமாக இறங்கியது. வளமான மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் சுவாசித்ததே முதற்காரணம். அவை விட்ட கரியமில வாயுவைக் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் செடிகளுக்கும் அது கிடைக்கவில்லை. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. பொறியாளர்களும் அறிவியலாளர்களும் கூடிக் கட்டிய கூடத்திலேயே கணக்கு தவறியதென்றால், நாலு லிட்டர் ஜாடியில் அந்தக் கணக்கு எளிதாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஜாடிக்குள் இரவும் பகலும்

ஜாடி இறால் சாவதற்கு ஆக்சிஜன் பற்றாக்குறை, அம்மோனியா இரண்டும் முன்னணிக் காரணங்கள். இரண்டையும் தூண்டிவிடுவது வெப்பம்.

20 டிகிரி செல்சியஸ் நன்னீர், காற்றோடு சமநிலையில் இருக்கும்போது, லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிறது. 35 டிகிரியில் 7க்கும் கீழே இறங்குகிறது. இந்தக் குறைவு மட்டும் இறாலைக் கொல்லாது. ஆனால் குளிர்ரத்த உயிர்களிலும் நுண்ணுயிர்களிலும் வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுவாச வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கையிருப்பு குறையும்போது செலவு கூடுகிறது. பகலில் செடி ஈடுகட்டும். பொழுது சாய்ந்தபின் செடி, பாசி, மண்ணின் பாக்டீரியா, நத்தை, இறால் எல்லாமே எடுக்கும் பக்கம்தான், கொடுப்பார் யாருமில்லை. விடியற்காலை நான்கைந்து மணிக்கு நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். திறந்த ஜாடி என்றால் மேற்பரப்பு வழியாக வெளிக்காற்று ஓரளவு உள்ளே கரையும். மூடி இறுகிய ஜாடியில் அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

அம்மோனியாவின் கதை இன்னும் நுட்பமானது. இறாலின் கழிவிலும் அழுகும் இலையிலும் பிறக்கும் அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று பெரும்பாலும் தீங்கற்ற அயனி, மற்றொன்று செவுள் வழியே உள்ளே நுழையும் நச்சு வாயு. 25 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7 ஆக இருக்கும் நீரில், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஹெச் 8 ஆனால் அதே வெப்பத்தில் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டுகிறது. 30 டிகிரியில் ஏழு சதவீதத்துக்கும் மேல். வெயில் ஏற ஏறவும், நீரின் காரத்தன்மை கூடக் கூடவும், அதே அளவு கழிவு பலமடங்கு கொடியதாகிறது. செடி வேகமாக வளரும்போது அந்த அம்மோனியாவை அதுவே உண்டுவிடும். இதனால்தான் முதலில் ஐந்தாறு வாரம் செடியையும் மண்ணையும் மட்டும் வைத்து நீர் தெளிந்து பாசி படரக் காத்திருந்து, அதன்பிறகே இறாலை விட வேண்டும் என்று அனுபவசாலிகள் வலியுறுத்துகிறார்கள். மண்ணடுக்கின்மேல் செடி நட்டு, மோட்டாரை நம்பாமல் தொட்டி நடத்தும் முறையை டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். வடிகட்டியின் வேலையைச் செடியிடமே ஒப்படைக்கும் அந்த முறைதான் இன்றைய ஜாடிகளுக்கு அடித்தளம்.

கத்திரி வெயிலும் கேன் தண்ணீரும்

புதுச்சேரியின் ஆண்டில் ஜாடிக்கு நட்புள்ள மாதங்கள் ஐப்பசி முதல் மாசி வரை. வடகிழக்குப் பருவமழை வெப்பத்தைத் தணித்து வைக்கிறது. தைமாத இரவில் வெப்பம் 21, 22 டிகிரி வரை இறங்கும். உண்மையான தேர்வு மே மாதத்துக் கத்திரி வெயிலில் வருகிறது. பகல் வெப்பம் சராசரியாக 37 டிகிரியைத் தொடும். அதற்கு மேலும் ஏறும் நாட்கள் உண்டு. நண்பகலுக்குமேல் கடற்காற்று வீசத் தொடங்கினால் கடற்கரைப் பக்கத் தெருக்கள் சற்றுத் தணியும்.

வீட்டின் கட்டுமானம் இங்கே பெரிய வித்தியாசம் செய்கிறது. தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் சுவர் தடிமனானது, கூரை உயரமானது, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் ஓடுகிறது. வெளிச்சம் நேராக விழாமல் பரவலாகக் கிடைக்கும் அந்தத் தாழ்வாரம் ஜாடிக்கு நல்ல இடம். பிரெஞ்சுப் பகுதியின் பழைய மாளிகைகளின் உள்முற்றமும் அப்படித்தான். மேல்மாடிக் கான்கிரீட் வீடுகளில் நிலைமை வேறு. தளம் பகலெல்லாம் சூடேறி, இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. ஆக்சிஜன் குறையும் விடியற்காலையிலும் நீர் குளிர்வதில்லை. நேர்வெயில் படும் ஜன்னலில் வைத்த மூடிய கண்ணாடி, அறை வெப்பத்தையும் தாண்டிச் சூடாகும். வாய் திறந்த ஜாடியில் நீர் ஆவியாகும்போது சற்றே குளிர்ச்சி கிடைக்கிறது. கடலோர ஈரக்காற்றில் அந்தக் குளிர்ச்சி அதிகமில்லை என்றாலும், கத்திரியில் ஓரிரு டிகிரி கூட உயிர் காக்கும்.

அடுத்தது நீர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாகத்தான் பாரதி பூங்காவின் நடுவே ஆயி மண்டபம் நிற்கிறது. இன்றும் நகரம் நம்பியிருப்பது நிலத்தடி நீரைத்தான். கடலோரப் பகுதிகளில் அதில் உப்பேறி வருவது நெடுங்காலக் கவலை. வீடுகளில் ‘உப்புத் தண்ணீர்’ என்று சலித்துக்கொள்ளும் கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன. வளரும் இறால் சில வாரங்களுக்கு ஒருமுறை பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓடு கட்டும்போது அவை தேவை. ஆகவே ஓரளவு கடினமான நீர் இறாலுக்கு வேண்டியதுதான். கரைந்த உப்பு அளவுக்கு மீறினால்தான் கெடுதல்.

‘சுத்தமான தண்ணீர் இறாலுக்கு நல்லது’ என்று நினைத்து ஆர்.ஓ. கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுவது எதிர்பாராத தவறாகிவிடும். அதில் தாதுக்கள் மிகக் குறைவு. ஓடு கழற்றும் நேரத்தில் புது ஓடு வலுப்படாமல் இறால் மடியும். ஆவியான அளவுக்கு நீர் சேர்ப்பதற்கு மட்டும் அதே ஆர்.ஓ. நீர் சரியானது, ஏனென்றால் ஆவியாகிப் போனதில் தாது இல்லை. குழாய் நீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் உப்பு ஜாடிக்குள் குவியும். தொடக்கத்தில் குழாய் நீரைக் குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்தபின் பயன்படுத்தி, பிறகு ஆவிக்கு ஈடாகக் கேன் நீரோ மழைநீரோ சேர்ப்பது புதுச்சேரிக்குப் பொருந்தும் வழி.

செம்புக் குடத்து நீர் உடம்புக்கு நல்லது என்ற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த நீரை ஜாடியில் ஊற்றக் கூடாது. இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின், அதன் மையத்தில் இருப்பதே செம்பு. ஆனாலும் நீரில் கரைந்த செம்பு சிறிதளவே கூடினாலும் ஓட்டுடலிகளுக்கு நஞ்சு. தோட்டத்து மண்ணிலும் இதே எச்சரிக்கை வேண்டும். உரமோ வேப்பம் புண்ணாக்கோ கலந்த மண் வேண்டாம். பூச்சிகளின் ஓடு கழற்றலைக் குலைப்பதே வேம்பின் ஆற்றல், இறாலும் ஓடு கழற்றி வளரும் உயிர்தான்.

தெருவோரத்திலும் கடற்கரைப் பக்கத்திலும் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் உதிர்ந்த சருகு, இந்த ஊர் இலவசமாகத் தரும் இறால் தீனி. கழுவிப் போட்ட சருகின் மேல் சில நாளில் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் உருவாகும். இறால்கள் நாள் முழுதும் அதை மேய்ந்துகொண்டிருக்கும். மருந்தடிக்காத மரத்தின் சருகாக இருக்க வேண்டும், அவ்வளவே.

மின்வெட்டு இந்த ஜாடியைத் தொடாது என்பது ஒரு பெரிய நன்மை. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டாரை நம்பிய மீன்தொட்டி அத்தகைய நாட்களில் தாங்காது. செடியை நம்பிய ஜாடி தாங்கும்.

கொசுவின் கேள்வி

ஜாடியைத் திறந்து வைப்பதுதான் இறாலுக்கு நல்லது என்றால், புதுச்சேரியில் உடனே எழும் மறுப்பு டெங்கு. அந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். இறால் அழுகலையும் பாசியையும் மேயும் உயிர், கொசுப்புழுவை வேட்டையாடும் என்று நம்ப முடியாது. கப்பி மீனை விட்டால் புழுவைத் தின்னும், கூடவே இறால் குஞ்சுகளையும் தின்றுவிடும்.

இந்தக் கேள்வியில் நாட்டுக்கே வழிகாட்டும் நிறுவனம் இந்த ஊரில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை நகரிலேயே கட்டுப்படுத்தும் திட்டத்தை அது 1981 முதல் 1985 வரை நடத்தியது. கொசுப்புழுவின் குடலை மட்டும் தாக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியாவின் வகை ஒன்றையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். இந்த உயிரியல் மருந்து ஓட்டுடலிகளைப் பொதுவாகப் பாதிப்பதில்லை. ஆகவே ஜாடிக்குப் பொருந்தும் கொசு மருந்து ஒன்று உண்டென்றால் இதுதான்.

அதற்கும் எளிய வழி, ஜாடியின் வாயில் கொசுவலைத் துணியை இறுகக் கட்டுவது. காற்று போகும், கொசு போகாது. மூடியா திறப்பா என்ற வாதத்துக்கு நடுவே நிற்கும் இந்தத் துணிதான் புதுச்சேரிக்கு ஏற்ற விடை.

ஆனால் கொசுவுக்கு நாம் வீட்டில் செய்யும் மற்ற ஏற்பாடுகள் இறாலுக்குப் பகை. சுருள், மின் ஆவி மருந்து, தெளிப்பான் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகை நஞ்சு. மனிதருக்கு ஒப்பளவில் குறைந்த தீங்கு தரும் அது, மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கடியது. படுக்கையறையில் மருந்து எரியும் வீட்டில் ஜாடியை வேறிடத்தில் வைக்க வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் தொட்டிகளில் ஊற்றும் டெமிபாஸ் என்ற கொசுப்புழு மருந்தும் ஓட்டுடலிகளைக் கொல்லும். அவர்களிடம் துணி கட்டிய ஜாடியைக் காட்டி, புழு இல்லை என்று நிரூபிப்பது வளர்ப்பவரின் கடமை.

எந்த இறால்?

சந்தையில் கருவாடாக வாங்கும் சென்னாக்கூனி இந்த ஜாடிக்கு ஆகாது. அது கூட்டம் கூட்டமாகக் கடலில் மிதந்து வாழும் இனம். ஜாடிக்கு வேண்டியது நன்னீரின் அடியில் ஊர்ந்து மேயும் ‘அட்டியிடே’ குடும்பத்து இறால். இந்தக் குடும்பத்தை வகைப்படுத்தியவர்களில் பிரெஞ்சு அறிஞர்களுக்கு முதலிடம். காரிடினா என்ற பேரினத்தை 1837இல் ஆன்றி மில்ன்-எட்வர்ட்ஸ் வரையறுத்தார். அவருக்குப் பின் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் எழேன் லூயி பூவியே இக்குடும்பத்தை ஆழ்ந்து ஆராய்ந்தார்.

கடைகளில் சிவப்பு செர்ரி என்று விற்கும் இறாலுக்கு 1904இல் பெயரிட்டவர் அந்தப் பூவியேதான். சீனாவில் பயணம் செய்த பாதிரியார் அர்மான் தவீதின் நினைவாக அது இன்று நியோகாரிடினா தவீதி எனப்படுகிறது. முழுக்க நன்னீரிலேயே இனம் பெருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு தாயின் சிறு வடிவமாகவே இருக்கும். கையாள எளிது, அதனாலேயே பிரபலம். அதன் எல்லை வெப்பம். அர்ஜென்டினா ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 24, 28, 32 டிகிரிகளில் இதை வளர்த்துப் பார்த்தார்கள். 28 டிகிரி வளர்ச்சிக்கு உகந்ததாக இருந்தது, 32 டிகிரியில் நீண்ட காலம் வைத்தது இனப்பெருக்கத்துக்குத் தடையாயிற்று. கத்திரியில் ஜாடி நீர் 32ஐத் தாண்டும் வீட்டில் இந்த இறால் உயிர் தப்பினாலும் பெருகாது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் மட்டுமே வாழும் இனம் பெருகாவிட்டால் ஜாடி காலியாகும். அப்போது ‘தானே நிலைப்பது’ என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

இதே பூவியே 1918இல் இன்னொரு இறாலுக்கும் பெயர் வைத்தார். இந்தியாவில் உயிரினங்களைச் சேகரித்த கீ பபோல் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் காரிடினா பபோல்டி. நன்னீரிலேயே பெருகும் இந்திய இனம், பச்சை முதல் பழுப்பு வரை நிறம் மாறும். ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் இந்தியாவிலிருந்து தருவித்து வளர்க்கிறார்கள். நம்மவர்களோ சீன இனத்தைத் தேடிப் போகிறோம். நம் கழிமுகங்களில் வாழும் கூர்மூக்கு இறாலான காரிடினா கிராசிலிராஸ்ட்ரிஸும் அழகானது. ஆனால் அதன் குஞ்சுகளுக்கு உவர்நீர் வேண்டும், நன்னீர் ஜாடியில் தலைமுறை தொடராது. நாட்டு இனங்களில் பபோல்டியே முதலில் முயன்று பார்க்க வேண்டியது.

நாட்டு இனத்தை விரும்ப இன்னொரு வலுவான காரணம் உண்டு. ஜாடி சலித்துப் போனவர்கள் அதை ஏரியில் கொட்டுவார்கள். வளர்ப்புத் தொட்டியிலிருந்து தப்பிய ‘டேங்க் கிளீனர்’ மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி மீனவர் வலையை நிரப்புவது கண்முன் நடப்பது. செர்ரி இறாலும் ஜெர்மனி, போலந்து, ஹங்கேரி நாடுகளில் வெதுவெதுப்பான நீரோடைகளில் காட்டுயிராகக் குடியேறிவிட்டது. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பானவை. அங்கே ஒரு வெளிநாட்டு இறாலை விடுவது, வலசை வரும் பறவைகள் உண்ணும் உணவுச் சங்கிலியில் நாமே கை வைப்பதாகும். எந்த இறாலானாலும், நாட்டு இனமானாலும், ஜாடி நீரை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் செடித் தொட்டியின் உலர்ந்த மண்ணில் ஊற்றுவதே சரி.

உயிரின் பங்கு

இவ்வளவு சிறிய உயிருக்கு வலி உண்டா? லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஜோனத்தன் பர்ச் தலைமையிலான குழு 2021இல் ஓட்டுடலிகளின் உணர்திறனுக்கான சான்றுகளைத் தொகுத்தது. அடுத்த ஆண்டே பிரிட்டன் தன் விலங்கு உணர்திறன் சட்டத்தில் பத்துக்கால் ஓட்டுடலிகளையும் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் இந்த வாதத்துக்குச் சட்டம் காத்திருக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம், மனிதரைத் தவிர்த்த எல்லா உயிரையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. இறாலுக்கு அதில் விலக்கு இல்லை. இறாலின் கடைசி மூச்சுவரை நாம் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணாடி உருண்டையை அழகுப் பொருளாக விற்பது இந்த வரையறையின் நோக்கத்துக்கு ஒவ்வாதது.

கிடைக்கும் சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால் முடிவு இப்படி அமைகிறது. இறுக மூடிய ஜாடி நுண்ணுயிர்களுக்குச் சரி, இறாலுக்குச் சரியில்லை, புதுச்சேரி வெப்பத்தில் இன்னும் சரியில்லை. மூடாமல் துணி கட்டிய, பத்து லிட்டருக்குக் குறையாத, வேகமாக வளரும் ஹைட்ரில்லா போன்ற செடி நிறைந்த, ஐந்தாறு இறாலுக்கு மேல் இல்லாத ஜாடி, தாழ்வார வெளிச்சத்தில் மின்சாரமே இல்லாமல் நடக்கக்கூடியது. கார்த்திகையில் செடி வைத்து, தை பிறக்கும்போது இறால் விட்டால், கத்திரி வருவதற்குள் ஜாடி முதிர்ந்திருக்கும். ஆவிக்கு ஈடாக நீர் சேர்ப்பது, செத்த இலையை எடுப்பது, எண்ணிக்கை கூடினால் நண்பருக்குக் கொடுப்பது என்று வளர்ப்பவரும் அந்தச் சுற்றில் ஒரு கண்ணியாகிறார்.

இனி வேண்டியது உள்ளூர்க் கணக்கு. வெளிநாட்டு அட்டவணைகளில் இருக்கும் வெப்ப எல்லைகள் புதுச்சேரி வீடுகளில் அப்படியே பொருந்துமா என்பதை இங்கேயே அளந்துதான் சொல்ல முடியும். அதற்குச் செலவும் அதிகமில்லை: ஒரு வெப்பமானி, விலங்கியல் மாணவர்கள் ஏற்கெனவே பயிலும் விங்க்ளர் முறையில் கரைந்த ஆக்சிஜன் சோதனை, விடியற்காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஓர் அளவு. இலாசுப்பேட்டை தாகூர் கலைக் கல்லூரி போன்ற ஒரு கல்லூரியின் விலங்கியல் துறை, சீன இறாலை ஒரு வரிசையிலும் பபோல்டியை மறுவரிசையிலும் வைத்து ஒரு மார்கழி முதல் அடுத்த மார்கழி வரை இந்த அளவுகளை எடுத்தால், எந்த இனம், எத்தனை லிட்டர், எந்தத் திசை ஜன்னல் என்பதற்கு இந்த ஊருக்கே உரிய அட்டவணை கிடைக்கும். பள்ளிகளுக்கு ஜாடி கொண்டுபோவதற்கு முன்னால் அந்த அட்டவணை கையில் இருக்க வேண்டும்.